நம் கணக்கு நோட்டே நம் பிள்ளைகளுக்குப் பாடம்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் கல்வி உபகுழு உறுப்பினர்கள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இதை அந்தந்தக் குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டும்படி ஊக்குநர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.)



களை எடுப்பையும் மாட்டையும் விட்டுவிட்டு, டவுன் பஸ் பிடித்து, கைப்பிள்ளையோடு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறோம். கல்வி உபகுழுவில் நாங்கள் ஐந்து பேர். எங்களில் இருவர் பத்தாவது படித்தவர்கள், ஒருவர் எட்டாவது. மற்ற இருவர் குழுவில் சேர்ந்த பிறகுதான் கையெழுத்துப் போடவே கற்றுக்கொண்டவர்கள். நாங்கள் போய் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பாடம் எடுக்கிறோம் என்று கேட்டபோது உங்களில் சிலர் சிரித்தீர்கள். எங்களுக்கே சிரிப்புத்தான் வந்தது! மூன்று வருடமாக சனிக்கிழமை தோறும் என்ன செய்தோம், எங்கே தவறினோம், இனி உங்களிடம் என்ன கேட்கிறோம் என்பதை இன்று சொல்லப் போகிறோம்.

நாம் எங்கிருந்து வந்தோம்?

1989ல் நம் தருமபுரி மாவட்டத்தில்தான் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டின் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் தொடங்கியது. அந்தக் காலத்தில் வாரம் ஐந்து ரூபாய் சேமிக்கவே வீட்டில் சண்டை. "பொம்பளைங்க கூடி என்னத்தைக் கிழிக்கப் போறீங்க" என்று கேட்டவர்கள் உண்டு. வங்கிப் படி ஏறவே கால் நடுங்கியது. சலான் நிரப்ப ஆள் தேடினோம்.

இன்று எப்படி இருக்கிறோம்? தீர்மானப் புத்தகம் எழுதுகிறோம். பணப் பேரேட்டில் கையிருப்பைச் சரிபார்க்கிறோம். வங்கி மேலாளர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறோம். முறையான கூட்டம், முறையான சேமிப்பு, உள்கடன், தவணை தவறாமை, சரியான கணக்கு என்ற ஐந்தையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம்.

ஆனால் தோழிகளே, இவ்வளவும் கற்ற நாம் வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு எதைச் சொல்லிக் கொடுத்தோம்? குழுக் கூட்டத்துக்குக் கிளம்பும்போது "நீ படி, இதெல்லாம் பெரியவங்க விஷயம்" என்று சொல்லிவிட்டுத்தானே வருகிறோம்? நாமும் அப்படித்தான், எங்கள் உபகுழுவும் அப்படித்தான்.

கண் திறந்த சம்பவம்

எங்கள் கண்ணைத் திறந்தது ஒரு பெண் பிள்ளை. அந்தப் பிள்ளையின் சம்மதத்தோடு சொல்கிறோம், பேரும் ஊரும் சொல்லவில்லை. அவள் அம்மா நம்மில் ஒருவர். பிள்ளை அரசுப் பள்ளியில் பன்னிரண்டாவது வரை படித்து நல்ல மதிப்பெண் எடுத்தாள். கல்லூரி விண்ணப்பம் எப்போது, எங்கே, எப்படி என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அந்த சமயம் பார்த்து ஒருவர் வந்தார். "நூல் மில்லுல வேலை, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் இலவசம், மூணு வருஷம் முடிஞ்சா கையில மொத்தமா பணம், கல்யாணத்துக்கு ஆச்சு" என்றார். 2000ங்களில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பேரில் எத்தனை கிராமத்துப் பெண்கள் இப்படிப் போனார்கள் என்பது நமக்குத் தெரியும். பேர் மாறினாலும் ஆள் பிடிப்பது அன்று நிற்கவில்லை. பிள்ளை போய்விட்டாள். மூன்று வருடம் முடிவதற்குள் உடம்பு முடியாமல் திரும்பினாள். "காலம் முடியலை" என்று சொல்லி, பேசிய மொத்தப் பணத்தைத் தரவில்லை.

இதில் எங்களை உறுத்துவது வேறு ஒன்று. பிறகு அந்தக் குழுவின் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினோம். பிள்ளை மில்லுக்குப் போன அதே மாதம், அந்தக் குழுவில் கையிருப்பு இருந்தது. காதுகுத்துக்கு ஒரு கடன், மொய் வைக்க ஒரு கடன் கொடுத்திருந்தார்கள். கல்லூரியில் சேர்க்கக் கடன் என்று யாரும் கேட்கவும் இல்லை, குழு கொடுக்கவும் இல்லை. பணம் பத்தடி தூரத்தில் இருந்தது. கேட்கலாம் என்பது அந்த அம்மாவுக்குத் தோன்றவில்லை. சொல்ல வேண்டும் என்பது நமக்கும் தோன்றவில்லை. பஞ்சத்தால் போனாள் என்று சொல்லவே முடியாது தோழிகளே, தெரியாமல் போனாள்.

முதல் வருடம் தோற்றோம்

தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கி, ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை உள்ள பிள்ளைகளுக்கு சனிக்கிழமை ஒன்றரை மணி நேரம் வகுப்பு என்று ஆரம்பித்தோம். முதல் நாள் "சிறுதுளி பெருவெள்ளம்", "சிக்கனமாக இருங்கள்", "நன்றாகப் படியுங்கள்" என்று பேசினோம். பின்வரிசை தூங்கியது. முன்வரிசை மரியாதைக்குக் கண்ணைத் திறந்து வைத்திருந்தது. ஒரு பையன் மட்டும் எழுந்து கேட்டான்: "அக்கா, சேமிக்கச் சொல்றீங்க, சரி. எங்ககிட்ட காசு எங்க இருக்கு?"

நியாயமான கேள்வி. வீடு திரும்பும் வழியில் நாங்கள் பேசிக்கொண்டே வந்தோம். நமக்கு முதலில் குழுவில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? புத்திமதியா? இல்லையே! நோட்டைக் கையில் கொடுத்து வரவு, செலவு, இருப்பு எழுதச் சொன்னார்கள். எழுத எழுதத்தான் புரிந்தது. அடுத்த வாரம் நாங்களும் நோட்டோடு போனோம். அன்றிலிருந்து ஐந்து பாடம் நடக்கிறது.

முதல் பாடம்: ஒரு வீட்டின் கணக்கு

கரும்பலகையில் ஒரு கற்பனைக் குடும்பம். அப்பா கட்டட வேலை, அம்மா நூறு நாள் வேலையும் ஒரு கறவை மாடும், இரண்டு பிள்ளைகள். மாத வரவு இவ்வளவு. அரிசி ரேஷனில் வருகிறது. எண்ணெய், பருப்பு, மாட்டுத் தீவனம், செல்போன் ரீசார்ஜ், பஸ், மருந்து, கல்யாண மொய், குழுச் சந்தா, தவணை. பிள்ளைகளே பிரிக்க வேண்டும். இது இல்லாமல் முடியாது, இது அடுத்த மாதம் பார்க்கலாம், இது வேண்டவே வேண்டாம் என்று மூன்று பத்தி. மொய் எந்தப் பத்தி என்று ஒரு மணி நேரம் சண்டை நடந்தது! "மொய் வைக்காம எப்படிக்கா?" என்று ஒரு பக்கம், "அது நமக்குத் திரும்பி வர்ற பணம், கடன் மாதிரிதான்" என்று ஒரு பக்கம். அன்று யாரும் தூங்கவில்லை.

சேமிப்புக்கு அந்தப் பையன் கேட்ட கேள்விக்கும் இதில்தான் பதில் கிடைத்தது. வாரம் பத்து ரூபாய் என்றால் வருடத்துக்கு 520 ரூபாய். பெரிய பணம் இல்லை. ஆனால் பன்னிரண்டாவது முடித்ததும் விண்ணப்பக் கட்டணம், நகல் எடுப்பது, பஸ், போட்டோ ஆகியவற்றுக்கு யாரிடமும் கையேந்தாமல் இருக்க அது போதும். "இதுக்குத்தான் சேக்கறோம்" என்று தெரிந்த பிறகுதான் பிள்ளைக்குச் சேமிக்கத் தோன்றும்.

இரண்டாம் பாடம்: வட்டி

இது நம் எல்லோருக்கும் பாடம். பத்து வாரக் கடன் நமக்குத் தெரியும். 10,000 ரூபாய்க் கடன் என்பார்கள். 1,500 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாய் கையில் தருவார்கள். வாரம் 1,000 ரூபாய், பத்து வாரம். "நூத்துக்குப் பதினஞ்சு ரூபாதானே" என்று நாம் நினைப்போம்.

பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள். முழு 8,500 ரூபாய் நம் கையில் இருப்பது முதல் வாரம் மட்டும்தான். அப்புறம் வாராவாரம் குறைகிறது. சராசரி பார்த்தால் 4,700 ரூபாய் அளவுக்குத்தான் பத்து வாரமும் நம்மிடம் இருக்கிறது. அதற்கு வட்டி 1,500 ரூபாய். அதாவது பத்து வாரத்துக்கே நூற்றுக்கு 30 ரூபாய்க்கு மேல். வருடத்துக்கு 52 வாரம். பெருக்கிப் பாருங்கள், ஆண்டுக்கு நூற்றுக்கு 150 ரூபாயைத் தாண்டுகிறது! அதே 8,500 ரூபாயை நம் குழுவில் மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் வாங்கி, மூன்று மாதத் தவணையில் குறையும் நிலுவைக்கு வட்டி கட்டினால் 85, 57, 28 என்று மொத்தம் 170 ரூபாய்தான். 1,500 எங்கே, 170 எங்கே!

கந்து வட்டியைத் தடுக்க தமிழ்நாட்டில் 2003லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருந்தாலும் கணக்குத் தெரியாதவரை அது நமக்கு உதவாது. அதனால்தான் பள்ளிக்கூடத்தில் படிக்கும் சதவிகிதக் கணக்கை வீட்டு வாசலில் வந்து நிற்கும் வட்டியோடு சேர்த்துக் காட்டுகிறோம். "இத்தனை நாள் பரீட்சைக்குன்னு நெனச்சேன்" என்றாள் ஒரு பிள்ளை.

இங்கே எங்கள் தவறைச் சொல்ல வேண்டும்

இரண்டாம் வருடம் நாங்கள் கொஞ்சம் துணிந்து, "உங்க வீட்டுல இருக்கற கடனை எழுதிக்கிட்டு வாங்க, கணக்குப் போடலாம்" என்று சொல்லிவிட்டோம். ஒரு பிள்ளை எழுதி வந்து எல்லோர் முன்னாலும் பலகையில் போட்டாள். மறுநாள் அவள் அம்மா எங்கள் வீட்டு வாசலில் நின்றார். "என் வீட்டு மானத்தைப் பள்ளிக்கூடத்துல ஏலம் போட்டுட்டீங்களே, நீங்கெல்லாம் குழுப் பொம்பளைங்களா?" என்று கேட்டார். எங்களால் தலை நிமிர முடியவில்லை. அந்தக் கடன் அவர் வீட்டுக்காரருக்கே தெரியாத கடன்.

தவறு எங்களுடையது. வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டோம். இரண்டு மாதம் அவர் எங்களோடு பேசவில்லை, பிள்ளையையும் அனுப்பவில்லை. அன்றிலிருந்து ஒரு கட்டுப்பாடு வைத்தோம்: வகுப்பில் எந்தப் பிள்ளையின் வீட்டுக் கணக்கும் வராது, கற்பனைக் குடும்பம் மட்டும்தான். பிள்ளைக்குத் தனியாக ஏதும் கேட்க வேண்டும் என்றால் வகுப்பு முடிந்து ஒருவரிடம் கேட்கலாம், அது அங்கேயே நின்றுவிடும்.

பிறகு அந்த அம்மாவே ஒருநாள் தன் குழுவில் வாய் திறந்தார். மகள் இரவு அடுப்படியில் உட்கார்ந்து கணக்கைத் தனக்கு மட்டும் போட்டுக் காட்டினாளாம். குழு உள்கடன் கொடுத்து அந்த வாரக் கடனை அடைத்தது. இன்று அவர் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். இதைச் சொல்லச் சொன்னதும் அவர்தான்.

மூன்றாம் பாடம்: வங்கியும் போனும்

நம்மில் சிலர் பள்ளிக்கூடத்தில் 'சஞ்சாயிகா' என்று சேமித்தது ஞாபகம் இருக்கும். இப்போது பிள்ளைக்கே நேராக வங்கிக் கணக்கு இருக்கலாம். பத்து வயது நிரம்பிய பிள்ளைகள் தாங்களே சேமிப்புக் கணக்கை இயக்கலாம் என்று 2014ல் ரிசர்வ் வங்கி வழி செய்தது. 2025லும் அந்த விதியைப் புதுப்பித்துச் சொன்னது. எவ்வளவு வரை, என்ன வசதி என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யும். முதல் தடவை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனபோது ஒரு வங்கியில் எங்களை இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது முறை விவரத்தை எழுதிக்கொண்டு போய்க் கேட்டோம், திறந்தார்கள். பிள்ளைகள் தாங்களே சலான் நிரப்பினார்கள். ஒன்று மட்டும் உறுதியாக வைத்திருக்கிறோம்: பிள்ளைகளின் காசை நாங்கள் கையால் தொடுவதில்லை. அவரவர் கணக்கு, அவரவர் பாஸ்புக்.

போனைப் பற்றியும் சொல்லுகிறோம். வீட்டில் அம்மா போனை இயக்குவது பிள்ளைதானே! பணம் வருவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை, பணம் போவதற்குத்தான் தேவை. "பரிசு விழுந்திருக்கு, பின் நம்பரைப் போடுங்க" என்றால் அது திருட்டு. ஓடிபி எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930க்குப் போன் செய்ய வேண்டும். அதேபோல், ஐந்து நிமிடத்தில் கடன் என்று வரும் ஆப். கடன் எந்த வங்கி அல்லது நிதி நிறுவனத்துடையது, வருடத்துக்கு மொத்தத்தில் எவ்வளவு வட்டி விழுகிறது என்பதைக் கடன் வாங்குமுன்பே காட்ட வேண்டும் என்பது 2022ல் ரிசர்வ் வங்கி கொண்டு வந்த விதி. காட்டாத இடத்தில் கை வைக்காதே என்று சொல்லுகிறோம்.

நான்காம் பாடம்: பத்தாவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் அப்புறம்

"கட்டட வேலைக்குப் போனா இன்னிக்கே 700 ரூபா கூலி. படிச்சு என்னக்கா ஆகப் போகுது?" என்று பையன்கள் கேட்பார்கள். அதட்டினால் அந்தப் பையன் அடுத்த வாரம் வர மாட்டான். அதனால் கணக்குப் போடச் சொன்னோம். மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கும்? பதினைந்து நாள் என்றால் 10,500 ரூபாய். மழை மாதத்தில்? விழுந்து கால் ஒடிந்தால் யார் தருவார்? நாற்பத்தைந்து வயதில் இதே சுமையைத் தூக்க முடியுமா? அப்பாவைப் பார்த்தே பிள்ளை பதில் சொல்லிவிடுகிறான். கூலி வேலை கேவலம் என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. அதில்தானே நாம் சோறு தின்றோம்! இன்னொரு வழியும் இருக்கிறது, அதையும் பார்த்துவிட்டு முடிவெடு என்றுதான் சொல்லுகிறோம்.

பத்தாவது முடித்தால் பாலிடெக்னிக்கில் முதல் வருடம் சேரலாம். ஐடிஐ முடித்தவர்களும் பன்னிரண்டாவதில் உரிய பாடம் எடுத்தவர்களும் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேர வழி உண்டு. ஐடிஐயோடு படிப்பு முடிந்துபோகிறது என்று நினைக்க வேண்டாம். பெண் பிள்ளைகளும் எலக்ட்ரீஷியன், பிட்டர் சேரலாம். ஓசூர்ப் பக்கம் தொழிற்சாலைகள் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

உதவிகளையும் எழுதிப் போடுகிறோம். வீட்டில் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை 2010லிருந்து வந்தது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு 2020ல் வந்தது. அடுத்த வருடம் பொறியியல், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புகளுக்கும் அது விரிந்தது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்து மேலே படிக்கும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்ற புதுமைப்பெண் திட்டம் 2022லும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024லும் தொடங்கப்பட்டன. சேரும் வருடத்தில் எந்தத் திட்டத்துக்கு என்ன விதி என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று இருந்துவிடாதீர்கள்.

கல்விக் கடனுக்கு வங்கிகள் கடைப்பிடிக்கும் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஜாமீன் கேட்பதில்லை, பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி அதுவரை சும்மா தூங்காது! ஒரு லட்சம் ரூபாயை ஒரே தடவையில் 10 சதவிகித வட்டிக்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். மூன்று வருடப் படிப்பு, பிறகு ஒரு வருடம், ஆக நான்கு வருடத்தில் சாதா வட்டியே 40,000 ரூபாய். மாதம் 833 ரூபாய் கட்டிக்கொண்டே வந்தால் அந்தப் பாரம் ஏறாது. இதைக் கடன் வாங்கும் நாளிலேயே பிள்ளையும் அம்மாவும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைசியாகக் காகிதம். ஆதாரில் ஒரு பேர், மாற்றுச் சான்றிதழில் ஒரு எழுத்துக் கூட, வங்கிப் புத்தகத்தில் இனிஷியல் வேறு என்று எத்தனை பிள்ளைகளுக்கு இருக்கிறது தெரியுமா? சேர்க்கை நேரத்தில் இதற்காக அலைந்து கடைசி நாளைத் தவறவிட்டவர்கள் உண்டு. பதினொன்றாவது படிக்கும்போதே எல்லாவற்றிலும் பேரைச் சரிபார்க்கச் செய்கிறோம். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாம் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி ஒரு பையில் போட்டு வைக்கச் சொல்லுகிறோம்.

ஐந்தாம் பாடம்: வேலைக்குப் போகுமுன்

இந்தப் பாடத்தை எடுப்பது யார் தெரியுமா? மில்லிலிருந்து திரும்பி வந்தாளே, அந்தப் பிள்ளைதான். முதலில் வர மாட்டேன் என்றாள். "ஏமாந்தவ என்னத்தைச் சொல்லிக் குடுக்கறது" என்றாள். "ஏமாந்த வழி உனக்குத்தானே தெரியும், கண்ணு" என்று எங்களில் மூத்த அக்கா சொன்னார். வந்தாள். பலகையில் ஏழு கேள்வி எழுதினாள்.

வேலை எந்த இடத்தில், முதலாளி யார், விலாசம் என்ன? நியமனக் கடிதம் தருவீர்களா? சம்பளம் மாதாமாதம் யார் கணக்கில் விழும்? எத்தனை மணி நேரம், வார விடுமுறை உண்டா? பி.எப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறீர்களா, எண் என்ன? ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு பிடிப்பீர்கள்? நடுவில் நின்றால் என் பணம் என்ன ஆகும்?

"இந்த ஏழுக்கும் பதில் காகிதத்துல இல்லைன்னா வண்டி ஏறாதீங்க" என்று முடித்தாள். வகுப்பே அமைதியாக இருந்தது. நாங்கள் எத்தனை வாரம் பேசினாலும் அந்தப் பத்து நிமிடத்துக்கு ஈடாகாது.

சம்பளச் சீட்டைப் படிக்கவும் சொல்லிக் கொடுக்கிறோம். பி.எப். என்று 12 சதவிகிதம் பிடித்தால் அது தொலைந்த பணம் அல்ல, முதலாளியும் தன் பங்கைப் போட வேண்டும், அது நம் சேமிப்பு. நேர்முகத்துக்குப் போனால் நிமிர்ந்து நிற்க, பேரைத் தெளிவாகச் சொல்ல, தெரியாததைத் "தெரியாது, கற்றுக்கொள்கிறேன்" என்று சொல்லப் பழக்குகிறோம். நாம் முதன்முதலில் வங்கி மேலாளர் முன்னால் நின்று பேசிப் பழகினோமே, அதே பயிற்சிதான். பதினெட்டு வயதுக்குள் கல்யாணம் பேசினால் 1098க்குச் சொல்லலாம் என்பதும் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். நம் வீட்டிலேயே அப்படிப் பேசினால் நம்மையும்தான் சொல்லுவார்கள், நினைவிருக்கட்டும்!

என்ன பலன்? உண்மையைச் சொல்கிறோம்

எல்லாம் வெற்றி என்று சொன்னால் அது பொய். போன வருடம் இரண்டு பையன்கள் பத்தாவதோடு நின்று போர்வெல் வண்டிக்குப் போய்விட்டார்கள். ஒருவன் இப்போதும் போனில் பேசுகிறான். "அக்கா, சம்பளத்துல மாசம் ஆயிரம் ஆர்.டி. போடறேன்" என்கிறான். படிப்பு நின்றது வருத்தம்தான். ஆனால் பாடம் அவனோடு போயிருக்கிறது. ஒரு பெண்ணுக்கு இடம் கிடைத்தும் கட்டணத்துக்குப் பத்து நாள் தாமதமானதால் அந்தப் படிப்பு போய், வேறு கல்லூரியில் சேர்ந்தாள். பத்து நாள்! குழுக் கூட்டம் அடுத்த வாரம்தான், கையிருப்பு வேறு கடனுக்குப் போய்விட்டது என்றார்கள்.

இதற்காகத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறோம். பிள்ளைக்கு எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும், சேர்க்கை நாளில் பணம் வேண்டும். அந்தப் பணம் நம் குழுவில் இருக்கிறது.

உங்களிடம் மூன்று கோரிக்கை

ஒன்று. மே, ஜூன், ஜூலை மாதங்களில் ஒவ்வொரு குழுவும் கையிருப்பில் ஒரு பகுதியைப் படிப்புக் கடனுக்கென்று தனியாக ஒதுக்க வேண்டும். சேர்க்கைச் சீட்டைக் காட்டினால், அடுத்த கூட்டம் வரை காத்திருக்காமல் அவசரக் கூட்டம் கூட்டி மூன்று நாளுக்குள் தர வேண்டும். அந்த மூன்று மாதமும் காதுகுத்து, சீர், மொய்க் கடன்கள் அதற்குப் பின்னால்தான். இதை எதிர்ப்பவர்களும் இங்கே இருக்கிறீர்கள், தெரியும். "சீர் செய்யலைன்னா சொந்தத்துல தலை காட்ட முடியாது" என்று போன கூட்டத்தில் ஒரு அக்கா சொன்னார். அவர் சொல்வது பொய் இல்லை. ஆனால் சீரை ஆவணியில் செய்யலாம். கல்லூரி ஆவணியில் கதவு திறக்காது.

இரண்டு. குழுவுக்கு ஒருவர், படித்த மருமகளோ மகளோ கூட இருக்கலாம், சனிக்கிழமை வகுப்புக்கு உதவிக்கு வர வேண்டும். நாங்கள் ஐந்து பேர் மூன்று பள்ளிக்குப் போதவில்லை.

மூன்று. இதற்குக் காசும் வேண்டாம், தீர்மானமும் வேண்டாம். இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் உங்கள் குழுப் பாஸ்புக்கையும் தனிநபர் பாஸ்புக்கையும் எடுத்துப் பிள்ளை முன்னால் வையுங்கள். மகளுக்கும் காட்டுங்கள், மகனுக்கும் காட்டுங்கள். "இது நான் சேத்தது, இது நான் வாங்கினது, இவ்வளவு பாக்கி" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். பிள்ளை எங்கள் வகுப்பில் பேசத் தேவையில்லாததை உங்களிடம் பேசட்டும்.

கடன் இருந்தால் சொல்ல வெட்கமாக இருக்கும். எங்களுக்கும் இருந்தது. நாங்கள் ஐந்து பேரும் முதலில் எங்கள் வீட்டில் அதைச் செய்துவிட்டுத்தான் உங்களிடம் கேட்கிறோம். எங்களில் ஒருவருடைய மகன் பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லையாம். அப்புறம் "ஏம்மா, இவ்வளவு நாளும் இதையெல்லாம் நீயே தனியா சுமந்தியா?" என்று கேட்டானாம்.

தோழிகளே, கைநாட்டு வைத்த நாம் கையெழுத்துக்கு வந்தோம். நம் பிள்ளைகள் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று படித்துப் பார்த்துவிட்டுப் போடட்டும். முதல் கோரிக்கை இப்போது தீர்மானமாக உங்கள் முன் வருகிறது. யோசித்துக் கை தூக்குங்கள்.